அம்மாவுக்கு ஒரு பொட்டு

மகனே,

இப்படிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. உனக்கும் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. போனில் "ஹலோ" என்று ஆரம்பிப்பாய், "சரி" என்று வைத்துவிடுவாய். அப்பா என்று கூப்பிட உனக்கு வாய் வராது. அம்மா என்று கூப்பிட்டால் உன்னைப் பெற்றவளுக்கு அடுக்காது. அதற்காக நான் கோபித்துக்கொண்டதில்லை. அவள் போய்ப் பத்து நாள் ஆகிறது. கருமாதிக்குள் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போனில் கேட்டால் நீ வழக்கம்போல "சரி" என்று வைத்துவிடுவாய், அது எந்தச் சரி என்று எனக்கு விளங்காது. அதனால்தான் எழுதுகிறேன். அவசரமாகப் படிக்காதே. பசியாறிவிட்டு உட்கார்ந்து படி.

இது வேறு யார் கையில் சிக்கினாலும் குழப்பம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அப்பா சாகவில்லை. ஈப்போவில், புந்தோங் பக்கம் ஒரு வாடகை அறையில், சேலை கட்டிக்கொண்டு, பூக்கடையில் மாலை தொடுத்துப் பிழைக்கும் திருநங்கையாக உயிரோடு இருக்கிறேன். சுகர் இருக்கிறது, முட்டிவலி இருக்கிறது, வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். நீ தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த வருஷம் உன் அம்மாவே உன்னிடம் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு நீ ஒரே ஒரு தடவை கடைக்கு வந்தாய், புதுக் காருக்கு மாலை வாங்க. இருந்ததிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். கையில் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். ஏதோ கேட்கப் போகிறாய் என்று காத்திருந்தேன். "இந்த மால எத்தன நாளு தாங்கும்?" என்றாய். "வெயில்ல காடிய நிறுத்தாத, மூணு நாளு தாங்கும்லா" என்றேன். என் மகன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. பதிலை இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அம்மா போன அன்று காலையில் உன் போன் வந்தபோது நான் மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். "ஹலோ. அம்மா போயிட்டாங்க. மூச்சு விட சூசாவா இருக்குன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சி" என்றாய். பிறகு நீயே தொடர்ந்தாய், "நாளைக்கு ரெண்டு மணிக்கு எடுக்குறோம். நீங்க வரணும்னா வாங்க. யாரும் கேட்டா பூக்கட ஆன்ட்டின்னு சொல்லிக்கிறேன்." நீ கூப்பிட்டதே பெரிது. உன் மாமா வேண்டாம் என்று சொல்லியிருப்பார், அதை மீறித்தான் கூப்பிட்டாய் என்று எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரே மாலை தொடுத்தேன். மறுநாள் அதை மடியில் வைத்துக்கொண்டு சுங்கை சிப்புட் பஸ் ஏறினேன். கைப்பையில் ஒரு குங்குமச் சிமிழும் இருந்தது. அந்தச் சிமிழுக்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

உங்கள் தாமானில், வீட்டு முன்னால் கூடாரம் போட்டிருந்தது. நீ என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "ஆன்ட்டி, இப்படி ஒக்காருங்க" என்று ஒரு நாற்காலியைக் காட்டி, தண்ணீர் போத்தலைக் கையில் கொடுத்தாய். விருந்தாளியைக் கவனிப்பதுபோலக் குறை இல்லாமல் கவனித்தாய். உள்ளே பெண்கள் சேலையை மறைப்பாகப் பிடித்து உன் அம்மாவைக் குளிப்பாட்ட ஆரம்பித்ததும் நான் எழுந்து போனேன். ஓர் அம்மாள் என் கையைத் தொட்டு, "நீங்க அங்கயே ஒக்காருங்க" என்றாள். அதட்டவில்லை, தன்மையாகத்தான் சொன்னாள். ஆண்கள் எல்லாரும் வாசலில் மோட்டார் சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அங்கும் எனக்கு என்ன வேலை? திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். இரண்டு பக்கத்து நாற்காலிகளும் கடைசிவரை காலியாகவே இருந்தன.

அப்போதுதான் காரியம் செய்ய வந்த பண்டாரம் பூ, மஞ்சள் எல்லாம் இருந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார், "அம்மா சுமங்கலியா, எப்படிங்க?" அவர் கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரம். உன் மாமா முந்திக்கொண்டு, "புருசன் செத்து ரொம்ப வருசம் ஆச்சிங்க. அந்தப் பூ, குங்குமமெல்லாம் எடுத்துடுங்க" என்றார். பண்டாரம் தட்டைத் தள்ளி வைத்தார். நான் உயிரோடு உட்கார்ந்து, நீ கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். என் சாவுச் செய்தியைக் கேட்பது எனக்கு அது இரண்டாவது தடவை.

முதல் தடவை உனக்கு மூன்று வயது. நாங்கள் அப்போது ரப்பர் தோட்டத்து லயத்தில் இருந்தோம். உன் அம்மா விடியுமுன் பால் வெட்டப் போய்விடுவாள், எனக்கு மருந்தடிக்கும் வேலை, கொஞ்சம் தாமதமாகப் போவேன். அந்த இடைவெளியில் அவள் சேலையைக் கட்டிப் பார்ப்பேன். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் பால் வெட்டு இல்லையென்று பாதியில் திரும்பி வந்துவிட்டாள். கதவைத் திறந்தவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் செத்தேன் என்றே நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தாள், கையைத் துடைத்தாள், என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, "கொசுவம் கோணலா இருக்கு" என்று மடிப்பைச் சரிசெய்தாள். வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் அப்பாவுக்குத் தெரிந்து, அவர் மரக்கட்டையால் அடித்து, நான் எழுந்து நடக்க முடியாமல் கிடந்தபோது, "போயிடு. இங்க இருந்தா கொன்னுடுவாங்க" என்று பஸ் செலவுக்குத் தந்து அனுப்பியவளும் அவள்தான். உன்னை என் மடியில் ஒரு நிமிஷம் போட்டாள். நீ தூங்கிக்கொண்டிருந்தாய், எச்சில் ஒழுகி என் தோள் நனைந்தது.

நான் போன பிறகு என் அப்பா என்னைத் தலைமுழுகிவிட்டார். வாயால் சொல்லி விட்டிருந்தால் பரவாயில்லை. ஆற்றங்கரையில் என் சட்டை ஒன்றை வைத்து, உன் பிஞ்சுக் கையைப் பிடித்து அதற்குக் கொள்ளி வைக்கச் சொல்லி, முறையாகக் கருமாதியே செய்துவிட்டார். உனக்கு ஞாபகம் இருக்காது. ஆகவே எனக்கு மகன் செய்ய வேண்டிய கடனை நீ மூன்று வயதிலேயே முடித்துவிட்டாய். நாளைக்கு நான் நிஜமாகவே கண்ணை மூடினால் அதற்காக லீவு போட்டுக்கொண்டு ஓடி வராதே. இங்கே என் ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்கே உன் அம்மாவின் பொட்டை அழித்தார்கள். அவள் மறுத்திருக்கலாம், மறுக்கிற நெஞ்சுரம் அவளுக்கு உண்டு. ஆனால் பொட்டோடு இருந்தால் புருஷன் எங்கே என்று ஊர் கேட்கும். என்ன பதில் சொன்னாலும் அது பள்ளிக்கூடத்தில் உன் தலையில்தான் வந்து விழும். அப்பா செத்துப்போனார் என்றால் ஒரு பிள்ளையை யாரும் கேலி செய்யமாட்டார்கள். அதற்காகத்தான் நெற்றியைக் காட்டினாள். பின்னால் என்னிடம் சொல்லிச் சிரித்தாள், "எல்லாரும் நெஞ்சில அடிச்சிக்கிட்டு அழுவுறாங்க, எனக்குக் கண்ணுல தண்ணியே வரல. அதுக்கும் திட்டு வாங்குனேன்." இதை உன்மேல் பாரமாக ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. நடந்தது நடந்தபடி உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பின்னால் என்றேனே, அது எப்போது என்று நீ கேட்பாய். அம்மா வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஈப்போ மலைக் கோயிலுக்குத் தனியாகப் போவாளே, வேண்டுதல் என்பாளே, உன்னைக்கூடக் கூட்டிப்போக மாட்டாளே, அப்போதுதான். முதலில் தற்செயலாகத்தான் நடந்தது. நான் பால்குடம் எடுத்து, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு எங்கள் ஆட்களோடு நின்றேன். மற்ற நாட்களில் கோயிலுக்குப் போனால் ஆளாளுக்கு முறைப்பார்கள். தைப்பூசக் கூட்டத்தில் எங்களைச் சாமிக்கும் தெரியாது, ஆசாமிக்கும் தெரியாது. அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உன் அம்மா நேரே என் முன்னால் வந்து நின்றாள். ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அவள் என் தலையைப் பார்த்து, "பூ நல்லா இருக்கு. எனக்கும் கொஞ்சம் குடு" என்றாள்.

வாங்க, போங்க என்று என்னைப் பேசியவள் அன்றைக்கு நீ என்றாள். அக்கம்பக்கத்துப் பெண்ணிடம் பேசுகிற மாதிரி. அதைவிடப் பெரிய மரியாதை எனக்கு யாரும் தந்ததில்லை. பூவைக் கிள்ளி அவள் தலையில் வைத்தேன், கோயில் குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்தேன். பிறகு இருவரும் தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்னதானச் சோறு சாப்பிட்டோம். உன்னைப் பற்றித்தான் பேச்சு. பல் விழுந்தது, மலாய்ப் பாடத்தில் மட்டும் நல்ல மார்க் வாங்கியது, ஓட்டப் பந்தயத்தில் விழுந்து முட்டி கிழிந்தது எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் திருநங்கைகள் நாங்கள் கும்பிடும் மாதா அம்மனுக்குச் சேவல்தான் வாகனம் என்று சொன்னேன். "உங்க சாமிக்கும் சேவலு, முருகனுக்கும் சேவலு. ஒரே கோழிக்கடையா போச்சி" என்றாள். அப்படிச் சிரித்தோம். பஸ் ஏறுமுன் குங்குமத்தை முந்தானையால் துடைத்து, மேலே விபூதியைப் பூசிக்கொண்டாள். பூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். "வீட்டுக்குக் கொண்டு போனா கேப்பாங்க" என்றாள். அதை நான் என் தலையில் வைத்துக்கொண்டு அறைக்கு நடந்தேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தைப்பூசமும் இப்படித்தான். நாங்கள் அப்போது ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று யாராவது கேட்டிருந்தால் இரண்டு பேருமே விழித்திருப்போம்.

போன தைப்பூசத்தில் படி ஏறும்போதே அவளுக்கு இரைத்தது. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள், "நான் முந்திக்கிட்டா வெறும் நெத்தியோட அனுப்பிடாத. நீ உசுரோட இருக்கும்போது நான் எதுக்குலா அப்படிப் போவணும்?" வாயைக் கழுவு என்று திட்டினேன். "வெச்சி வுடுவியா, மாட்டியா?" என்று விடாமல் கேட்டாள். வைக்கிறேன் என்றேன். சிமிழ் அதற்காகத்தான்.

ஆகவே அன்றைக்கு வாய்க்கரிசி போடக் கூப்பிட்டபோது நானும் வரிசையில் நின்றேன். நிற்கும்போதே பைக்குள் கையை விட்டுச் சிமிழைத் திறந்து, கட்டைவிரலைக் குங்குமத்தில் அழுத்தி வைத்துக்கொண்டேன். அரிசி போடக் குனிகிற சாக்கில் நெற்றியில் ஒரு தீற்று, அவ்வளவுதான், யார் என்ன செய்துவிடுவார்கள்? ஊரே பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன். உன் அம்மாவின் தலைமாட்டில் நீ நின்றாய். மீசையை எடுத்திருந்ததால் உன் முகம் அந்த மூன்று வயது முகமாகவே இருந்தது. உனக்குப் பின்னால் சிலிம் ரிவரிலிருந்து வந்த பெண் வீட்டார் நின்றார்கள், நீ கட்டிக்கொள்ளப் போகிற அந்தப் பெண்ணும் நின்றாள். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாய். பிறகுதான் முகத்தைப் பார்த்தாய். உன் கண் என்னிடம் வேண்டாம், வேண்டாம் என்று கெஞ்சியது.

கட்டைவிரலைக் கைக்குள் மடக்கிக்கொண்டு, இடது கையால் அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தேன். வாக்கு கொடுத்தது அவளுக்கு, விட்டுக்கொடுத்தது உனக்கு. பஸ்ஸில் வரும்போதுகூட அந்தக் கையை விரிக்கவில்லை.

அறையில் என்னோடு இருப்பவள் ரோசி. கிறிஸ்துவக் குடும்பத்துப் பிள்ளை, மாதா கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு, பூசை முடியுமுன் எழுந்து வந்துவிடுவாள். எங்களில் ஒரு வழக்கம் உண்டு. எங்களை மகளாக ஏற்றுக்கொண்ட தாய் செத்தால், மகள்கள் வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி, நாற்பதாம் நாள் ரொட்டி வைத்துப் படையல் போட்டுத்தான் கலர் சேலை கட்டுவோம். தாய்க்கு அப்படி. மனைவிக்கு என்ன செய்வது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை, கேட்டுப் பார்க்கப் பெரியவர்களும் இல்லை, எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தன் வளையலைத் தானே உடைக்கவும் கூடாது. ரோசியிடம் கையை நீட்டினேன். "பொண்டாட்டிக்கு யாரும் வளையல் ஒடைப்பாங்களாக்கா? எனக்குத் தெரியாதுலா" என்றாள். "எனக்கும் தெரியாது. ஒடை" என்றேன். சப்பாத்திக் கட்டையை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒவ்வொன்றுக்கும் "இயேசுவே" என்றாள். என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள். பெரிய வெள்ளிக்குக் கட்டுகிற தன் வெள்ளைச் சேலையை எனக்குக் கொடுத்தாள்.

அவள் மாலையில் சாப்பாட்டுக்கடை வேலைக்குப் போய்விட்டால் நான் மட்டும்தான். சாவு வீட்டில் செய்வதுபோல அறை வாசலில் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டேன். துக்கம் கேட்க யார் வருவார்கள்? செத்தது யார் என்றே யாருக்கும் தெரியாதே. கடையில் வெள்ளைச் சேலையைப் பார்த்துவிட்டு யாரும்மா போனது என்று கேட்பவர்களிடம், வேண்டியவங்க என்று சொல்லி மாலையைக் கட்டிக் கொடுக்கிறேன். கீழ்வீட்டுச் சீனத்து ஆன்ட்டி மட்டும் படியில் நின்று, "சியாப்பா மாத்தி?" என்று மலாயில் கேட்டாள், யார் செத்தது என்று. "பீனி" என்றேன். மனைவி. தமிழில் எனக்கு வராத வார்த்தை மலாயில் எப்படியோ வந்துவிட்டது. அவள் என் சேலையை மேலிருந்து கீழே பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டுக் கீழே போய் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, நான் இரண்டு பிஸ்கட் தின்னும்வரை இருந்துவிட்டுப் போனாள். உன் அம்மாவுக்காக என்னிடம் துக்கம் கேட்டது அந்த ஒருத்திதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கருமாதி அன்று அம்மாவின் படத்தை வைத்து மாலை போடுவீர்கள். அந்தப் படத்தில், அவள் நெற்றியில், நீ ஒரு குங்குமப் பொட்டு வை. நான் கேட்பது இதுதான். நீ வைக்க வேண்டும், என்னால் முடியாது, நான் வரவும் மாட்டேன். உன் மாமா குதிப்பார். பெண் வீட்டார் விதவைக்கு ஏது பொட்டு என்று உன்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அம்மா ஆசைப்பட்டார்கள் என்று சொல். அது பொய்யும் இல்லை. கல்யாணம் எப்படியும் ஒரு வருஷம் தள்ளித்தான் போகும். அதற்குள் அந்தப் பெண்ணிடம் என்னைப் பற்றிச் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம். ஆனால் நான் கட்டிய பிறகு மாட்டிக்கொண்டேன், கட்டுமுன் சொல்லியிருந்தால் உன் அம்மாவுக்குத் தேர்ந்தெடுக்க ஒரு வழி இருந்திருக்கும். அதை மட்டும் யோசித்துக்கொள். கல்யாணப் பத்திரிகையில் என் பழைய பெயருக்கு முன்னால் காலஞ்சென்ற என்று போடுவாய். போட்டுக்கொள். எனக்கு அதில் வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய், இருக்கிறது, ஆனாலும் போட்டுக்கொள். என்னைச் செத்ததாகவே வைத்துக்கொள், அவளை மட்டும் தாலியறுத்தவளாக அனுப்பிவிடாதே.

கருமாதிக்கு வேண்டிய பூவை முந்தின நாளே கடையிலிருந்து அனுப்புகிறேன். பூக்கட ஆன்ட்டி அனுப்பியது என்று சொல்லிக்கொள். கூடையில் மாலைக்கு அடியில், இந்தக் கடிதத்தோடு சிமிழும் இருக்கும், அன்றைக்குக் கொண்டுவந்த அதே சிமிழ். நான் கட்டைவிரலை அழுத்திய பள்ளம் அதில் அப்படியே இருந்தது. கூடை பஸ்ஸில் உன்னிடம் வருவதற்குள் குலுங்கி மூடிப் போயிருக்கும். பரவாயில்லை. உன் விரலுக்குப் போதுமான குங்குமம் இருக்கிறது.